மூணு ஆப்பும் ஒரு சம்மட்டியும்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாங்க. நடுவில் எழுந்து ஓடினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். போன வாரம் உங்களை அழ வைத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டேன். இந்த வாரம் அழுகை கிடையாது. விறகு பொளந்த கதை சொல்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

காரமடைப் பக்கம் தன் ரெண்டு ஏக்கராத் தோட்டத்தில் பாவாத்தாள் உடைந்த கோடாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அங்கேதானே விட்டோம்? புதுசாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

பாவாத்தாளும் அவள் வீட்டுக்காரர் ஐயாசாமியும் இருபது வருசம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டு, இப்போதுதான் சொந்த மண்ணில் கால் வைத்தவர்கள். ஒரே மகன் அன்புமணிக்குக் கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையில் வேலை. அவன் போத்தனூர்ப் பெண் கரோலினை விரும்பி, வைகாசியில் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக் கூட்டி வந்துவிட்டான். அன்றைக்குச் சாத்தியதுதான் கரோலினின் பிறந்த வீட்டுக் கதவு. மூன்று மாசமாக ஒரு கடிதம் இல்லை, எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

அப்புறம் ஆவணியில், அவள் அப்பா இன்னாசிமுத்துவிடமிருந்து ஒரு சேதி வந்தது. மாதா கோயில் திருவிழா விருந்துக்கு விறகு வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஆடிக் காற்றுக்குச் சாய்ந்த மரம் மூணு கிடக்கிறதாமே. சனிக்கிழமை காலையில் போத்தனூர் வந்து சேருமா?

போத்தனூரில் விறகுக் கடை இல்லாமலா போயிற்று? பாவாத்தாளுக்கு அது விறகுக்கு வந்த சேதியாகத் தெரியவில்லை. "சேருமுங்க"ன்னு உடனே சொல்லி அனுப்பிவிட்டாள். விறகு போனால் கூடவே கரோலினும் போவாள். விறகு போகாவிட்டால் கோயில் கமிட்டி முன்னால் இன்னாசிமுத்துவின் சொல் கெடும். அப்புறம் அந்தக் கதவு எப்போது திறக்குமோ, யார் கண்டது?

சொல்லி அனுப்பியாயிற்று. மூணு நாள் ஐயாசாமி வெட்டினார். அவர் அடிக்கிற அடி பலமான அடிதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் அடி விழுந்த இடத்தில் ரெண்டாவது அடி விழாது. மரத்தைச் சுற்றிலும் கொத்திக் கொத்தி, கடைசியில் கோடாலியின் காம்பும் போய், இரும்பும் காம்பு செருகுகிற கண்ணோரம் விரிசல் விட்டது. ஒரு கிளைக்கு மேல் ஆகவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. கையில் இருப்பது ரெண்டு நாள்.

"ஏனுங்க, கரீம் பாய் கடைக்குப் போலாம் வாங்க" என்று முந்தானையை உதறிச் செருகினாள் பாவாத்தாள். "இன்னிக்கு ஏதோ ஒண்ணு எடுத்தே ஆகோணும்."

"நானும் வாரேனுங்க அத்தை" என்றாள் கரோலின்.

"வெயில்ல நீ எதுக்கு அம்மணி? நீ உக்காரு."

இந்த "நீ உக்காரு அம்மணி"யை இந்த மூணு மாசத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ பாவாத்தாள்! வாசல் கூட்டக் கூட்டுமாற்றை எடுத்தால் பிடுங்கிக்கொள்வாள். குடத்தைத் தூக்கினால் ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். ஊரை விட்டு, உறவை விட்டு வந்த பெண். அவளைத் துரும்பு எடுக்க விடக்கூடாது என்று மனசுக்குள்ளே ஒரு வைராக்கியம்.

அன்றைக்குக் கரோலின் செருப்பை முன்னாடியே மாட்டிக்கொண்டு நின்றாள். சரி, வரட்டும் என்று பாவாத்தாளும் விட்டாள்.

கரீம் பாயின் இரும்புக் கடையில் அன்புமணி லீவு போட்டுவிட்டு அவர்களுக்கு முன்னமே வந்து காத்திருந்தான். அவன் பக்கத்தில், பெஞ்சு மேல், ஆரஞ்சுக் கலரில் ஒரு பெட்ரோல் ரம்பம் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, இதப் பாருங்க! எஸ்டேட்டுல எல்லாம் இதுதான். வாழத்தண்டு அறுக்கற மாதிரி அறுத்துப்போடும். பாய், ஒருக்கா போட்டுக் காட்டுங்க!"

கரீம் பாய் கயிற்றை இழுத்தார். அம்மாடி, அந்தச் சத்தம்! எதிர்க் கடை ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தேர்வீதிப் பக்கம் ஓடியது. டீ கொண்டு வந்தவர் டீயோடு திரும்பிப் போய்விட்டார். ஐயாசாமி ரெண்டு எட்டு பின்னால் வந்து, பாவாத்தாளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சத்தம் அடங்கினதும் பாவாத்தாள் கேட்டாள்: "இது அறுக்குது. சரி. பொளக்குமா?"

அன்புமணி பாயைப் பார்த்தான்.

"கேட்டாங்க பாரு ஒரு கேள்வி!" என்று சிரித்தார் கரீம் பாய். "அறுக்கறதுக்குத்தான் தங்கச்சி மிசினு. பொளக்கறதுக்கு ஆகாது."

"அதனாலதான் சொல்றேன், நமக்குக் கோடாலி போதும்" என்று முன்னால் வந்தார் ஐயாசாமி. சுவரில் தொங்கியதிலேயே பெரிசாக, ஆள் தோள் உயரக் காம்பு போட்ட ஒரு கோடாலியைக் காட்டினார். "பாய், அதக் குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க!"

பாவாத்தாள் மேலே பார்த்துக் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"தூக்கிப் பாருங்க" என்றார் பாய்.

ஐயாசாமி தூக்கினார். தூக்கினவரைக் கோடாலி கூடவே இழுத்துக்கொண்டு போயிற்று. மேலே கட்டியிருந்த வாளிச் சரத்தில் பட்டு, ஒன்று, ரெண்டு, மூணு என்று வாளிகள் கணீர் கணீரென்று உருண்டன. மூணாவது வாளி கல்லாப்பெட்டி வரைக்கும் போய் நின்றது.

"ஐயாசாமி" என்றார் கரீம் பாய், வாளியைப் பொறுக்கிக்கொண்டே. "நெசத்தச் சொல்லுங்க. உங்கூட்டுல வெறகு பொளக்கறது யாரு?"

ஐயாசாமி தன் செருப்பைப் பார்த்தார். "அவதானுங்க" என்று செருப்பிடமே சொன்னார்.

"அப்புறம் எதுக்கு உங்களுக்கு அளவு பாத்துட்டு நிக்கறோம்?"

"பொம்பளைய வெறகு பொளக்க உட்டுட்டு இவன் என்ன பண்றான்னு கேப்பாங்களே பாய்..."

"கேட்டா, பக்கத்துல நின்னு அடுக்கறேன்னு சொல்லுங்க!"

அன்புமணி சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவாத்தாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாவம், மனுசன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, "அவரு வெட்டலீன்னா இந்த மூணு நாள்ல மரத்து முள்ளையெல்லாம் ஆருங்க அக்கட்டால எடுத்திருப்பா?" என்று ஒரு வார்த்தை தாங்கியும் பேசினாள்.

கரீம் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். வியாபாரம் இப்போதுதான் ஆரம்பம் என்கிற மாதிரி விரலை மடக்கினார். "மரம் என்ன?"

"வெள்ளைவேலா."

"பச்சையா?"

"ஒரு மாசத்துக்கு மேல காஞ்சிருக்குது. முனையில எல்லாம் வெடிப்பு உட்டிருக்குது."

"நல்லது. கட்டை என்ன நீளம் வேணும்?"

"முழத்துக்கு ஒண்ணு" என்றார் ஐயாசாமி. "அடுப்புக்குத்தானுங்களே."

"அதான் பாய்" என்று குறுக்கே வந்தான் அன்புமணி. "முழம் முழமா அறுத்தா எம்பது வெட்டு வருது. ரெண்டு நாள்ல கையால ஆகற காரியமா? அதுக்குத்தான் மிசின்ங்கறேன்."

"எம்பது வெட்டுன்னா மிசினுதான்" என்று தலையாட்டினார் பாய்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்.

"அந்த நீளம் ஆகாதுங்க அத்தை."

எல்லாரும் திரும்பினார்கள். கரோலின் கடப்பாரைக் கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சொன்னது தானா என்று தனக்கே சந்தேகம் வந்த மாதிரி ஒரு முகம்.

"என்ன கண்ணு?"

"எங்க கோயில்ல சமைக்கறது ஊட்டு அடுப்புல இல்லீங்க. தரையில வாய்க்கா மாதிரி நீளமா தோண்டி, அது மேல அஞ்சு அண்டா வெப்பாங்க. ரெண்டு பக்கமும் நின்னு கட்டையத் தள்ளீட்டே இருக்கோணும். முழக்கட்டை போட்டா முழுசா உள்ள உழுந்துரும். தள்ளறதுக்குப் பிடி இருக்காது. புகைதான் வரும், சோறு வேகாது." அவள் வலக்கையை நீட்டினாள். "தோள்ல கட்டையோட முனைய வெச்சா, விரலத் தாண்டி இன்னும் ஒரு சாண் வரோணும். எட்டாவது படிக்கறப்ப இருந்து திருவிழாவுக்குத் திருவிழா நான்தான் கட்டை தூக்கிப் போடுவேன்."

கரீம் பாய் டேப்பை எடுத்து அளந்தார். "மூணடி" என்றார்.

அவள் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? முழம் முழமாக எல்லாவற்றையும் அறுத்துப் போட்டு, புகையும் கட்டையாகப் போத்தனூருக்கு அனுப்பியிருப்பார்கள். விருந்தும் கெட்டு, உறவும் கெட்டு...

"ஏங்கண்ணு" என்றாள் பாவாத்தாள். "இத மூணு நாளா ஏன் சொல்லலை?"

"நீங்க யாருமே கேக்கலீங்க." கரோலின் கோபமாகச் சொல்லவில்லை, லேசாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நான் எந்திரிச்சு வந்தாலே, நீ உக்காரு அம்மணிம்பீங்க."

பாவாத்தாளுக்குச் சுருக்கென்றது. மகள் மாதிரி வைத்திருக்கிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்? மகளை யாராவது உட்காரு உட்காரு என்பார்களா? ஒறம்பரையை, வந்த விருந்தாளியைத்தான் அப்படிச் சொல்வோம். வந்து மூணு மாசமாகியும் இந்தப் பெண் நம் வீட்டில் ஒறம்பரையாகவே இருந்திருக்கிறாளே!

கரீம் பாய் அதற்குள் கணக்கை மாற்றிவிட்டார். "மூணடின்னா எம்பது வெட்டு நாப்பதாச்சு. நாப்பதுக்கு மிசின் எதுக்கு? ரெண்டாள் ரம்பம் ஒண்ணு தாரேன். அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் புடிங்க."

அன்புமணி ஆரஞ்சு ரம்பத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தான். விட்டுப் பிரிய மனசில்லை.

"ஆனா ஒண்ணு. வெட்டுக் கொறைஞ்சா பொளக்கறது கஷ்டமாகும். மூணடிக் கட்டை கோடாலிக்கு அடங்காது. ஆப்பு வெச்சு, சம்மட்டியால அடிக்கோணும்." பாய் உள்ளே போய் இரும்பு ஆப்பு மூன்றைக் கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார்.

"ஒண்ணு போதாதுங்களா?" என்றான் அன்புமணி.

"ஒண்ணு மட்டும் வெச்சு அடிச்சா, பாதியில கட்டை அதக் கவ்விக்கும். இன்னொண்ணு அடிச்சாத்தான் மொதல்ல அடிச்சது கையோட வரும். கணு குறுக்க வந்தா மூணாவதப் பக்கவாட்டுல எறக்கோணும். ஒண்ண வாங்கீட்டுப் போனவன் எல்லாம் அன்னிக்கே திரும்பி வந்திருக்கான் தம்பி."

அடுத்தது சம்மட்டி. பன்னெண்டு பவுண்டு, எட்டு பவுண்டு, ஆறு பவுண்டு என்று வரிசையாக நின்றன. ஐயாசாமியின் கண் பன்னெண்டுக்குப் போய், பாவாத்தாளின் கண்ணைப் பார்த்துத் திரும்பி வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆறு பவுண்டை எடுத்தாள்.

"எட்டு எடு புள்ளே, அடி நல்லா எறங்கும்" என்றார் ஐயாசாமி.

"கடையில தூக்கறப்ப எல்லாம் லேசாத்தானுங்க இருக்கும். நாள் பூரா அடிச்சுட்டுப் பொழுதோட தூக்கறப்பல்ல தெரியும்?"

கரீம் பாய் அவளை நிற்க வைத்து, காம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நுனியில் ஒரு சாண் அறுத்துக் கொடுத்தார். பாவாத்தாள் வாழ்க்கையில் அவள் உடம்புக்கு அளவு பார்த்து யாரும் ஒரு சாமான் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பண்ணையத்தில் மற்றவர் அரிவாளும் மற்றவர் மண்வெட்டியும்தானே பிடித்துப் பழக்கம்? அவள் அதை வெளியே சொல்லவில்லை. சம்மட்டியை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் தோட்டத்தில் வேலை ஆரம்பமாயிற்று.

ரம்பத்தின் ரெண்டு பக்கமும் அப்பனும் மகனும். முதல் கட்டையிலேயே சண்டை.

"நீ தள்ற!"

"நீங்கதான் தள்றீங்க!"

ரெண்டு பேரும் தள்ளினதில் ரம்பம் வில்லாக வளைந்து நின்றது.

"ரெண்டு பேருமே தள்ள வேண்டாம்!" என்று கத்தினாள் பாவாத்தாள். "உங்க பக்கம் இழுக்கறது மட்டுந்தான் உங்க வேலை. இழுத்துப்போட்டுச் சும்மா உட்டுருங்க, அவன் பக்கம் அவன் இழுத்துக்குவான்."

கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. சர்ர்... சர்ர்... என்று தூள் கொட்ட ஆரம்பித்தது. மூணடிக் கட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டன.

பாவாத்தாள் முதல் கட்டையின் முனையில் இருந்த வெடிப்பில் ஆப்பை நட்டாள். லேசாக ரெண்டு தட்டு. நின்றுகொண்டது. அப்புறம் சம்மட்டியைத் தூக்கி இறக்கினாள். ணங்! வெடிப்பு கட்டையின் மேலே கோடு போட்ட மாதிரி ஓடி, ஒரு கணுவில் போய் நின்றது. ரெண்டாவது ஆப்பு. ணங்! அதுவும் கவ்விக்கொண்டது. மூணாவதைப் பக்கவாட்டில் வைத்து அடித்தாள். கட்டை முனகியது. இன்னும் ஒன்று. படாரென்று ரெண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே செங்கல் நிறத்தில் வைரம் பாய்ந்த நடுமரம் பளபளத்தது.

கை ஒன்று அவள் முன்னால் நீண்டது.

"குடுங்க அத்தை."

'நீ உக்காரு அம்மணி' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாவாத்தாள் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். மடியில் வைத்துக் கொண்டுவந்த சம்மட்டியை நீட்டினாள்.

கரோலின் ஓங்கி அடித்தாள். ஆப்புக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் போய் இறங்கியது.

"அடி ஆத்தா!" என்றாள் பாவாத்தாள். "அப்படியே உம்பட மாமன் அடி!"

"எனக்குக் கேக்குது!" என்று ரம்பத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

கரோலின் சிரித்தாள். வாய் பொத்திக்கொள்ளாமல், குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. சிரித்து முடித்து அடித்த அடி ஆப்பு மேலேயே விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. பத்துக் கட்டைக்கு அப்புறம் மாமியாரும் மருமகளும் பத்து அடிக்கு ஒரு தடவை கை மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அடிக்க, ஒருத்தி ஆப்பு நட, அடுக்கு ஏறிக்கொண்டே வந்தது.

வெயில் தாழ்ந்திருக்கும். பாவாத்தாள் நெற்றியைத் துடைக்க நிமிர்ந்தாள். தோட்டத்துக்குள் நுழைகிற வேலிக் கடவில், டிவிஎஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"அப்பா..." என்றாள் கரோலின். கையில் சம்மட்டி, முகமெல்லாம் வேர்வை, தலைமயிரில் மரச் சிராய்.

ரம்பச் சத்தம் நின்றது.

 மூணு மாசம் கழித்துப் பெண்ணைப் பார்க்க வந்த அப்பன் கண்ணில் இதுவா பட வேண்டும்? நேற்று வந்திருந்தால் நிழலில் உட்கார்ந்திருப்பாளே!

"வாங்கண்ணா" என்று பாவாத்தாள் ஓடினாள். "மெய்யாலுமே சொல்றேனுங்க, இவளத் துரும்பெடுக்க உட்டதில்லீங்க நானு. இன்னிக்குத்தான்..."

இன்னாசிமுத்து நேராக நடந்தார். அடுக்குக்குப் போய் ஒரு கட்டையை எடுத்தார். தோளில் முனையை வைத்துக் கையை நீட்டிப் பார்த்தார்.

"நீளம் சொல்லாம உட்டுட்டேன்னு பதறியடிச்சு வந்தேன்" என்றார். "யாரு சொன்னது?"

"உங்க மகதானுங்க."

அவர் கட்டையைக் கீழே வைக்காமலே நின்றார். "தங்கச்சி, ரோட்டுல வாரப்பவே சிரிப்புச் சத்தம் கேட்டுது. யாரு சிரிப்புன்னு தெரிஞ்சுது. வண்டிச் சத்தத்துக்கு நின்னுருமோன்னு ஆப் பண்ணி, உருட்டீட்டே வந்தேன்." கட்டையின் சிராயை விரலால் தடவினார். "கலியாணத்துக்கு முந்தி ஒரு வருசம் எங்க ஊட்டுல அந்தச் சத்தமே இல்லீங்க. நாங்கதான் இல்லாமப் பண்ணிப்போட்டோம்."

கரோலின் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அழுகை கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த ஒரு நிமிசத்தை விட்டுவிடுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்க.

அப்புறம் அந்த மனுசன் சட்டையைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, "அந்தப் பக்கத்தக் குடுங்க சம்பந்தி" என்று ஐயாசாமியிடம் ரம்பத்தை வாங்கிக்கொண்டார். ஐயாசாமி அடுக்கும் வேலைக்கு வந்து, ஒருத்தரையும் நெருங்க விடாமல் அழகாக அடுக்கினார்.

பொழுது இறங்கும்போது பாவாத்தாள் சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் விட்டுக் கொண்டு வந்தாள். சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று தயங்கித்தான் தட்டை வைத்தாள். இன்னாசிமுத்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தட்டு காலியானதும் மகளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடு பாப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஐயாசாமி திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்த இன்னாசிமுத்து, கிளம்பாமல் வண்டி ஹேண்டிலைத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஒரு சங்கதிங்க தங்கச்சி. வெறகு எங்கிருந்து வருதுன்னு கரோலின் அம்மாவுக்குத் தெரியாது. நான் இங்க வந்ததும் தெரியாது."

கரோலின் கையில் இருந்த சோற்றுப் பாத்திரம் அப்படியே நின்றது.

"திருவிழா அடுப்புல மொதக் கட்டை வெச்சுப் பத்த வெக்கறது எங்க ஊட்டுக்காரி கிருபாவதிதான். யாரு வெட்டுன கட்டைன்னு கேட்டுட்டுத்தான் வெப்பா. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னா, அந்தக் கட்டையத் தொட மாட்டா."

பாவாத்தாள் அடுக்கைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வந்துவிட்டது. நாளைக்கு மத்தியானத்துக்குள் மீதியும் ஆகிவிடும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்கண்ணா" என்றாள். "சனிக்கிழமை டெம்போவுல, டிரைவர் பக்கத்துல ரெண்டு பேரு உக்காரலாம். ஒண்ணு கரோலினு. இன்னொண்ணு நானு. கட்டைய எறக்கி, அவங்க கையில நானே குடுக்கறேன். கேக்கறத என்னையக் கேக்கட்டும்."

"அவ கோவம் உங்களுக்குத் தெரியாதுங்க."

"பெத்தவளுக்குக் கோவம் வரலீன்னாத்தானுங்க நான் பயப்படோணும்."

இன்னாசிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை மிதித்தார். புழுதி அடங்குகிற வரைக்கும் மாமியாரும் மருமகளும் கடவிலேயே நின்றார்கள்.

"அத்தை" என்றாள் கரோலின் மெதுவாக. "எங்கம்மா கட்டைய வாங்கலீன்னா?"

"வாங்குற வரைக்கும் நீட்டீட்டே நிப்பேன் கண்ணு" என்றாள் பாவாத்தாள். "வா, அந்தப் பெரிய கட்டைய இருட்டறதுக்குள்ள முடிச்சுப்போடலாம். நீ மொதல்ல அடி."

உங்க ஊட்டுல பொறந்த பொண்ணு வந்து நிக்கறப்பக் கதவு தெறந்தே இருக்கட்டும், கண்ணுகளா. வாழ வந்த பொண்ணு வாய் தெறந்தா, கேக்கறதுக்குக் காது இருக்கட்டும். உங்க அடுப்பு புகையாம எரியட்டும், பானை பொங்கட்டும், இன்னுங் கொஞ்சம் போடுன்னு கேக்கற உறவு உங்க வாசலுக்கு வந்துட்டே இருக்கட்டும். நல்லா இருங்க.